1024 சிலிண்டர் வரம்பு

1024 சிலிண்டர் வரம்பு என்பது 1990களின் தனிநபர் கணினிகளில் இருந்த ஒரு தடையாகும். இயங்குதளத்தின் தொடக்கக் கோப்புகள் வன்தட்டில் ஓர் எல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டால் கணினி தொடங்காது. தட்டு பழுதாகியிருக்காது, கோப்புகளும் அழிந்திருக்காது. தட்டைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரித்த விதமே காரணம்.

கணினியை முடுக்கியதும் இயங்குதளம் தட்டில்தான் இருக்கும். அதைப் படித்து நினைவகத்துக்குக் கொண்டுவர பயாஸ் உதவ வேண்டும். பயாஸ் தட்டின் ஓர் இடத்தைச் சிலிண்டர், தலை, செக்டர் என்ற மூன்று எண்களால் குறித்தது. அவற்றுக்கு முறையே 10, 8, 6 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. 10 பிட்டில் 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் 10 மெகாபைட் தட்டில் இருந்தவை 306 சிலிண்டர்களே. அன்று அது தாராளம்.

பின்னர் வந்த ஐடிஇ தட்டுகள் தலைக்கு 4 பிட்டுகளே ஒதுக்கின. இரண்டு முறைகளுக்கும் பொதுவான அளவுக்குள் நிற்க வேண்டியதாயிற்று: 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட்டுகள். 1990களின் நடுவில், தலைகளைக் கூட்டிச் சிலிண்டர்களைக் குறைத்துக் காட்டும் உத்தி இந்த எல்லையைச் சுமார் 840 கோடி பைட்டுகளுக்கு, அதாவது 8.4 ஜிகாபைட்டுக்கு, நகர்த்தியது. ஆனால் 1024 என்ற எண் மாறவில்லை.

இதில் அதிகம் அவதிப்பட்டவர்கள் லினக்ஸ் பயனர்கள் எனலாம். லினக்ஸின் கெர்னல் ஒருமுறை நினைவகத்துக்கு வந்துவிட்டால் பயாஸின் துணையின்றித் தட்டு முழுவதையும் படிக்கும். அதைக் கொண்டுவரும் லிலோவோ பயாஸையே நம்பியிருந்தது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய இந்த நிரலுக்குக் கோப்பு முறைமை தெரியாது; கெர்னல் கிடக்கும் செக்டர்களின் முகவரிகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். தட்டின் முன்பகுதியை விண்டோஸ் நிறைத்திருந்தால் லினக்ஸுக்கு எல்லைக்கு அப்பால்தான் இடம் கிடைக்கும். தட்டு முழுவதையும் ஒரே பகுதியாக வைத்திருந்தவர்களின் நிலை இன்னும் குழப்பமானது. மாதக்கணக்கில் ஒழுங்காக இயங்கிய கணினியில் புதிய கெர்னலை நிறுவுவார்கள். அந்தக் கோப்பு எல்லை தாண்டி எழுதப்பட்டிருக்கும். சிலிண்டர் எண் பெரியது என்று லிலோ அப்போதே மறுத்துவிட்டால் நல்லது. தட்டின் அமைப்பை லினக்ஸும் பயாஸும் வெவ்வேறாகக் கணக்கிட்டிருந்தால் மறுப்பு எதுவும் வராது. அடுத்த முறை முடுக்கும்போதுதான் கோளாறு தெரியும். லிலோ ஒவ்வொரு கட்டத்திலும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் காட்டும். முதல் இரண்டு எழுத்துகளோடு நின்றுவிட்டால், அமைப்புக் கணக்குப் பொருந்தவில்லை என்பது வழக்கமான காரணங்களுள் ஒன்று. பிழைச்செய்தியாகப் பெயரையே பயன்படுத்தியது நல்ல யோசனைதான்.

தீர்வு எளிது. தட்டின் தொடக்கத்தில் சில மெகாபைட் அளவில் ‘பூட்’ என்ற தனிப் பகுதியை ஒதுக்கி, கெர்னலை அங்கேயே வைத்தனர். பிறகு 64 பிட் முகவரியை ஏற்கும் விரிவாக்கப்பட்ட பயாஸ் பரவியது. 2000ஆம் ஆண்டளவில் லிலோவும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் எல்லை மறைந்தது. இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் தனிப் பூட் பகுதி உண்டு. மற்றப் பகுதிகள் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது அதற்கு ஒரு காரணம்.