சவுத்டேல் வணிக வளாகம்: கடைகள் மாறின, கட்டடம் நிலைத்தது

மேலே கூரை, ஆண்டு முழுவதும் ஒரே சீரான வெப்பநிலை, நடுவில் பெரிய முற்றம், முனைகளில் பெரிய அங்காடிகள், வெளியே கார் நிறுத்துமிடம். இன்று இந்திய நகரங்களிலும் பழகிப்போன இந்த அமைப்பின் தொடக்கம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஈடைனா என்ற புறநகரில் இருக்கிறது. மினியாபொலிஸ் நகரை ஒட்டிய இந்த ஊரில் 1956 அக்டோபர் 8 அன்று திறக்கப்பட்ட சவுத்டேல் மையமே, முழுவதும் மூடப்பட்டு வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட முதல் புறநகர் வணிக வளாகமாகக் கருதப்படுகிறது. அன்று வளாகத்தின் தூண்களாக இருந்த இரு பெரிய அங்காடிகளின் பெயர்களும் பின்னாளில் அங்கிருந்து மறைந்துவிட்டன.

கடுங்குளிரில் பிறந்த யோசனை

மினசோட்டாவில் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. கோடையிலோ வெப்பம் வாட்டும். மினியாபொலிஸ் நகர மையத்தில் புகழ்பெற்ற அங்காடியை நடத்திவந்த டேட்டன் நிறுவனம், புறநகருக்குக் குடிபெயர்ந்த வாடிக்கையாளர்களைப் பின்தொடர்ந்து அங்கேயே வளாகம் அமைக்க முடிவு செய்தது. வடிவமைப்பை ஏற்றவர் விக்டர் குரூவன். வியன்னாவில் 1903-ல் பிறந்த யூதரான இவர், நாஜிக்களின் பிடியிலிருந்து தப்பி 1938-ல் அமெரிக்காவுக்கு வந்தவர்.

சுமார் 2 கோடி டாலர் செலவில், இரு தளங்களில், 72 கடைகளுடன் சவுத்டேல் எழுந்தது. நடு முற்றத்தில் செடிகளும், பறவைக் கூண்டும், சிற்பி ஹாரி பெர்டோயாவின் உலோக மரங்களும் இடம்பெற்றன. நகர மையத்தில் பரம எதிரிகளாக இருந்த டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் ஆகிய இரு அங்காடிகளும் ஒரே கூரையின் கீழ் வந்தது அன்று புதுமையாகப் பேசப்பட்டது.

நிறைவேறாத பாதித் திட்டம்

குரூவன் கனவு கண்டது கடைகளை மட்டுமல்ல. வளாகத்தைச் சுற்றி வீடுகள், பள்ளிகள், மருத்துவ மையம், பூங்கா, ஏரி ஆகியவற்றுடன் முழுமையான ஊர் மையம் ஒன்றை அவர் திட்டமிட்டார். காரையே நம்பி வாழும் புறநகர் மக்கள் நடந்து பழகவும், ஒருவரையொருவர் சந்திக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால், கடைகள் ஈட்டிய லாபமே மற்றவர்களின் கண்ணில் பட்டது. நாடெங்கும் எழுந்த வளாகங்கள் அவருடைய கூரையையும் முற்றத்தையும் எடுத்துக்கொண்டன, ஊரை விட்டுவிட்டன. வியன்னாவுக்குத் திரும்பிய குரூவன், தன் பெயரால் உருவான இத்தகைய வளாகங்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று 1978-ல் வெளிப்படையாக அறிவித்தார். இரு ஆண்டுகளில் அவர் காலமானார்.

மாறிய பெயர்ப் பலகைகள்

வணிக வளாகத்தின் பொருளாதாரம் பெரிய அங்காடிகளைச் சுற்றியே அமைகிறது. கூட்டத்தை ஈர்ப்பவை என்பதால் அவற்றுக்குப் பொதுவாக வாடகைச் சலுகை உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பியே சிறு கடைகள் அதிக வாடகை தருகின்றன. பெரிய அங்காடி மூடப்பட்டால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ உரிமை தரும் பிரிவுகள் சிறு கடைகளின் ஒப்பந்தங்களில் இடம்பெறுவதும் உண்டு. எனவே ஒரு பெரிய கதவு மூடப்பட்டால் பல சிறு கதவுகளும் மூடும் அபாயம் எழுகிறது.

சவுத்டேல் இந்தச் சோதனையைப் பலமுறை சந்தித்தது. 1972-ல் ஜே.சி. பென்னி மூன்றாவது பெரிய அங்காடியாகச் சேர்ந்தது. 1987-ல் டொனால்ட்சன்ஸ், கார்சன் பிரி ஸ்காட் ஆனது. பின்னர் அவ்விடத்துக்கு மெர்வின்ஸ் வந்தது. 2004-ல் அதுவும் வெளியேறியது. 2011-ல் வந்த ஹெர்பர்கர்ஸ், தாய் நிறுவனம் நொடித்ததால் 2018-ல் மூடப்பட்டது. டேட்டன்ஸ் 1990-ல் புதிய கட்டடத்துக்கு மாறியது. 2001-ல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்றும், 2006-ல் மேசிஸ் என்றும் பெயர் மாறியது.

போட்டி வெளியிலிருந்தும் வந்தது. 1992-ல் அருகிலுள்ள புளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற மாபெரும் வளாகம் திறக்கப்பட்டது. அதன்பின் இணைய வணிகம் வளர்ந்தது. டெட்ராய்ட் அருகே 1954-ல் குரூவன் வடிவமைப்பில் திறக்கப்பட்ட நார்த்லேண்ட் மையம் இந்த நெருக்கடிகளைத் தாங்காமல் 2015-ல் மூடப்பட்டது.

கடைக்குப் பதில் உடற்பயிற்சிக் கூடம்

சவுத்டேல் வேறு வழி தேடியது. 2014-ல் கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. 2017-ல் ஜே.சி. பென்னி மூடப்பட்ட பிறகு, அந்த இடத்தில் மற்றொரு துணிக்கடை வரவில்லை. 2019-ல் லைஃப் டைம் நிறுவனத்தின் பிரம்மாண்டமான உடற்பயிற்சிக் கூடமும், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலக இடமும் வந்தன. மாதத்துக்கு ஒருமுறை துணி வாங்க வருபவரைவிட, வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சிக்கு வருபவரும், அருகிலேயே குடியிருப்பவரும் வளாகத்துக்கு உறுதியான வாடிக்கையாளர்கள் என்பதே இந்த மாற்றத்தின் கணக்கு.

வீடும், வேலையும், நடமாட்டமும் கடைகளோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று குரூவன் 1950-களில் சொன்னபோது அது லாபத்துக்கு ஒத்துவராத கூடுதல் செலவாகப் பார்க்கப்பட்டது. பெரிய அங்காடிகள் ஒவ்வொன்றாக விலகிய பின்னர், அதே யோசனையைக் கொண்டே அவருடைய முதல் மூடிய வளாகம் தன்னைக் காத்துக்கொண்டு வருகிறது.