காசநோய் சிகிச்சை வழிகாட்டி உங்கள் மொபைலிலேயே கிடைக்கிறது. ஆனால் அது எந்த வருடத்துடையது?

38 கிலோ எடையுள்ள ஒருவருக்கு காசநோய் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அவர் தினமும் எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும்? இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டியை மொபைலில் தேடினால் உங்களுக்கு இரண்டு பதில்கள் கிடைக்கலாம். 2016-ல் வெளியான வழிகாட்டி, இரண்டு மாத்திரை என்கிறது. பின்னர் திருத்தப்பட்ட அட்டவணை, மூன்று என்கிறது. இரண்டுமே அரசு வெளியிட்டவைதான். இன்றைக்குச் செல்லுபடியாவது மூன்று.

எப்படி இந்த வித்தியாசம்? காசநோய்க்கான கூட்டு மாத்திரையை நோயாளியின் எடையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பழைய அட்டவணையில் 25 முதல் 39 கிலோ வரை இரண்டு, 40 முதல் 54 வரை மூன்று, 55 முதல் 69 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. புதியதில் 25-34 கிலோவுக்கு இரண்டு, 35-49க்கு மூன்று, 50-64க்கு நான்கு, 65-75க்கு ஐந்து, 75-ஐத் தாண்டினால் ஆறு. அதாவது 35-39, 50-54, 65-69 கிலோ எடைக்குள் இருப்பவர்களுக்குப் பழைய பிடிஎஃப்பைப் பார்த்து மருந்து எழுதினால், தினமும் ஒரு மாத்திரை குறையும். நம் நாட்டில் டிபி நோயாளிகள் பலர் மெலிந்தவர்கள் என்பதால் அந்த முதல் பிரிவில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. மருந்தின் அளவு போதாமல் போனால் கிருமி முழுதாகச் சாகாது. நோய் திரும்ப வரலாம், மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகவும் மாறலாம்.

'வழிகாட்டியை இணையத்தில் போட்டாச்சு, இனி எல்லோருக்கும் கிடைக்கும்' என்று சொல்வது பாதி உண்மைதான். கிடைப்பது எது என்பதுதான் விஷயம்.

வழிகாட்டி இல்லாமல் மருந்து எழுதினால் என்ன ஆகும்?

இதற்கு மும்பையில் நடந்த இரண்டு ஆய்வுகள் சாட்சி. 1991-ல் வெளியான ஆய்வில், 100 தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். 80 விதமான பதில் வந்தது. சுமார் இருபது வருடம் கழித்து, 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 106 மருத்துவர்களிடம் அதே கேள்வி. இந்த முறை 63 விதம். அதில் சரியாக எழுதியவர்கள் ஆறே ஆறு பேர்.

இதைப் படித்ததும் மருத்துவர்களைத் திட்டத் தோன்றும். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். சின்ன கிளினிக்கில் நாளைக்கு எத்தனையோ காய்ச்சல், இருமல் நோயாளிகளைப் பார்க்கும் ஒருவரின் மேஜைக்கு, நூற்றுக்கணக்கான பக்கமுள்ள அரசு வழிகாட்டி எந்த வழியில் வந்து சேர்ந்திருக்கும்? காசநோயைக் கண்டுபிடித்தால் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவே 2012-ல்தான் வந்தது. அந்தத் தகவலைப் பதிவு செய்வதற்கான நிக்‌ஷய் தளமும் அதே வருடம்தான் தொடங்கியது. உலகின் டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் நாட்டின் நிலைமை இது.

அடிக்கடி மாறுகிறதா?

ஆமாம், நாம் நினைப்பதைவிட அடிக்கடி. முன்பெல்லாம் அரசுத் திட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மருந்து. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 2017-ல்தான் நாடு முழுக்க தினசரி மருந்துக்கு மாறினோம். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்களில் சிறு குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் மட்டுமே முன்பு தடுப்பு மருந்து தரப்பட்டது. 2021 வழிகாட்டி, நோய் இல்லை என்று உறுதியான பிறகு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அதைத் தரலாம் என்று விரிவாக்கியது. பழைய புத்தகத்தைப் படித்தவர், 'உங்களுக்கெல்லாம் எதுவும் தேவையில்லை, போங்க' என்றுதான் சொல்வார்.

மருந்துக்குக் கட்டுப்படாத டிபியில் வித்தியாசம் இன்னும் பெரிது. பெடாக்விலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த, முழுக்க வாய்வழி மாத்திரையான 'பிபால்எம்' சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் தந்தது. தகுதியுள்ள நோயாளிக்கு இது ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பழைய முறையில் 20 மாதம் வரைகூட இழுக்கும். 2021-ல் வந்த, மருந்து எதிர்ப்பு டிபிக்கான வழிகாட்டியில் இந்த நால்வகைக் கூட்டு வழக்கமான சிகிச்சையாக இல்லை. இருக்கவும் முடியாது, அது அப்போது வரவேயில்லை. ஆனால் அந்த பிடிஎஃப் இணையத்திலிருந்து தானாக மறைந்துவிடாது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்தால் போதாதா?

அவர்கள் நல்ல வேலை ஒன்று செய்திருக்கிறார்கள். தடுப்பு, பரிசோதனை, நோயறிதல், சிகிச்சை, குழந்தைகள் என்று வழிகாட்டியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, இணையப் பக்கங்களாகவே தேடிப் படிக்கும்படி ஒரு தளம் வைத்திருக்கிறார்கள். பரிந்துரை மாறினால் அந்தப் பக்கத்தை மாற்றினால் போதும்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரண டிபிக்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பூட்டால் என்று நான்கு மருந்து. இதில் எல்லோரும் ஒன்று. அடுத்த நான்கு மாதத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்று இரண்டைச் சொல்கிறது. இந்தியாவில் எத்தாம்பூட்டாலையும் சேர்த்து மூன்று. ஐசோனியாசிட்டுக்கு இங்கே எதிர்ப்பு அதிகம் என்பதால் இந்தக் கூடுதல் காவல். உலகத் தளத்தை மட்டும் படித்துவிட்டு, 'டாக்டர் ஒரு மருந்தைத் தேவையில்லாமல் கொடுக்கிறார்' என்று நீங்களே நிறுத்திவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்தியாவில் சிகிச்சை எடுப்பவர் பார்க்க வேண்டியது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டியை.

அப்படியானால் எளிமையாக்குவது என்றால் என்ன?

பிடிஎஃப்பை ஏற்றுவது எளிமையாக்குவது ஆகாது. ஐந்து அங்குலத் திரையில் எடை அட்டவணையைப் பார்க்க முயன்றவர்களுக்குத் தெரியும், பாதி அட்டவணை பக்கத்துக்கு வெளியே ஓடிவிடும்.

காந்திநகரில் உள்ள இந்தியப் பொது சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'நிக்‌ஷய் சேது' செயலி வேறு பாதையில் போகிறது. களப் பணியாளர் நோயாளியின் அறிகுறிகளையும் பரிசோதனை முடிவையும் கொடுத்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டியில் உள்ளதை அது எடுத்துக் காட்டும். ஆங்கிலம் மட்டுமல்லாமல் பல இந்திய மொழிகளிலும் இருக்கிறது. இங்கே படிப்பவர் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாடு செய்தது இன்னும் சிக்கனம். காசநோய் வந்தவர்களில் யார் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க, தேசிய வழிகாட்டி 16 அம்சங்களைப் பார்க்கச் சொன்னது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் நாளே இதெல்லாம் நடக்குமா? 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதை ஐந்தாகச் சுருக்கியது. உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு விடும் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. அவ்வளவுதான். இவற்றில் ஆபத்து தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்காக 'டிபி சேவா' என்ற இணையச் செயலியும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய வேலை, எதை விட்டுவிடலாம் என்று தைரியமாக முடிவு செய்ததுதான் என்று தோன்றுகிறது. அதை எந்தச் செயலியும் தானாகச் செய்துவிடாது.

இன்னும் செய்ய வேண்டியதில் ஒன்று ரொம்ப சாதாரணமானது. 'இது பழையது, புதியது இங்கே' என்று பழைய ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் பெரிய எழுத்தில் இருந்தாலே, பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

யாராவது வழிகாட்டி என்று ஒன்றை அனுப்பினால் முதலில் வருடத்தைப் பாருங்கள். அதை வைத்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சந்தேகத்தை மருத்துவரிடமோ, 1800-11-6666 என்ற கட்டணமில்லா நிக்‌ஷய் உதவி எண்ணிலோ கேளுங்கள். மத்திய அரசின் 'டிபி ஆரோக்ய சாதி' செயலியிலும் நோயாளிகளுக்கான தகவல்கள் உள்ளன. தனியாரிடம் சிகிச்சை எடுத்தாலும் உங்கள் பெயர் நிக்‌ஷய்யில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாய் அந்தப் பதிவை வைத்துத்தான் வரும். இது 2024 நவம்பருக்கு முன்பு 500 ரூபாயாக இருந்தது, பல பழைய பக்கங்களில் இன்னும் அப்படியேதான் போட்டிருக்கும்.

இன்னொன்று, மாதாமாதம் மருந்து வாங்கப் போகும்போது எடை பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை பலனளித்தால் எடை ஏறும். 34 கிலோவில் ஆரம்பித்தவர் 39, 40 என்று வந்திருந்தால், மாத்திரை எண்ணிக்கையை மாற்ற வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.