குளிர்நாட்டு விதைகள்: மிசௌரி ஆற்றங்கரையின் பாடம்

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பயிர் செய்பவர்களின் கணக்கு இரண்டு தேதிகளுக்குள் அடங்கியது. ஒன்று வசந்தத்தின் கடைசி உறைபனி. மற்றது இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி. இந்த இரண்டுக்கும் நடுவில் விதை முளைத்து, பூத்து, காய்த்தாக வேண்டும். சமையலுக்கு மட்டும் என்றால் காயை இளசாகவே பறித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டும் என்றால் அது செடியிலேயே முற்றிக் காய வேண்டும். அதற்கு மேலும் சில வாரங்கள் தேவை. அந்தச் சில வாரங்கள் கிடைக்குமா என்பதுதான் குளிர்நாட்டு விவசாயத்தின் மையமான கேள்வி. விதையைக் கடையில் வாங்கும் நமக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இக்கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாக விடை வைத்திருந்தவர்கள் மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில் வாழ்ந்த மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா என்னும் மூன்று பழங்குடியினர். இவர்களுடைய ஃபோர்ட் பெர்தோல்ட் நிலம் ஏறத்தாழ 47 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதற்குள் அமைந்த பார்ஷல் என்ற சிற்றூரில் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் அதே மாநிலத்தின் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி வெயில் அடித்தது. இரண்டும் இன்றுவரை அம்மாநிலத்தின் உச்சப் பதிவுகள். இப்படிப்பட்ட இடத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி ஆகிய நான்கையும் விளைவித்து உண்டு, மிச்சத்தை விற்கவும் செய்தார்கள். 1804-05 குளிர்காலத்தில் இங்கே தங்கிய லூயிஸ், கிளார்க் பயணக்குழு பட்டினியில்லாமல் பிழைத்ததற்கு மாண்டன், ஹிடாட்சா மக்களிடம் வாங்கிய சோளம் ஒரு முக்கியக் காரணம். அந்தச் சோளத்துக்கு விலையாகக் குழுவின் கொல்லர்கள் போர்க்கோடரிகள் அடித்துக் கொடுத்தனர்.

தெற்கிலிருந்து வந்த பயிர்

மக்காச்சோளம் குளிர்நாட்டுப் பயிர் அல்ல. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தென் மெக்சிகோவில் டியோசின்டே என்ற புல்லிலிருந்து மனிதர்கள் உருவாக்கிய பயிர் அது. வெப்பமண்டலத்துச் சோளம், பகல் பொழுது குறுகினால்தான் பூக்கத் தொடங்கும். வடக்கு டகோட்டாவிலோ ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 16 மணி நேரம் நீள்கிறது. மெக்சிகோ விதையை நேராக இங்கே கொண்டுவந்து நட்டால் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். கதிர் முற்றுவதற்குள் பனி வந்துவிடும்.

அப்படியானால் சோளம் எப்படி இவ்வளவு வடக்கே வந்தது? ஒவ்வொரு தலைமுறையிலும் சற்று முந்திப் பூத்த செடிகளிலிருந்து விதை எடுத்து, அடுத்த ஆண்டு அதையே விதைத்த கைகள்தான் அதைக் கொண்டுவந்தன. பல ஆயிரம் ஆண்டுகளில் சோளத்தின் உயரம் குறைந்தது. கதிர் தரைக்கு அருகில் வந்தது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கக் கற்றுக்கொண்டது. கலப்பையும் இரும்பும் இல்லாத மக்களின் தொழில்நுட்பம் முழுவதும் அந்த மணிக்குள் இருந்தது.

ஒரு மூதாட்டியின் சாட்சியம்

இந்தத் தொழில்நுட்பம் எப்படி இயங்கியது என்பது நமக்கு விரிவாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு பெண். ஆங்கிலத்தில் பஃபலோ பேர்ட் வுமன் என்று அறியப்பட்ட ஹிடாட்சா மூதாட்டி, 1839 வாக்கில் பிறந்தவர். 1837ஆம் ஆண்டுப் பெரியம்மை மாண்டன்களில் பெரும்பாலோரையும் ஹிடாட்சாக்களில் பலரையும் கொன்று முடித்த சில ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் அக்காலம் புரியும். அவர் சொல்லச் சொல்ல, மகன் குட்பேர்ட் மொழிபெயர்க்க, கில்பர்ட் வில்சன் என்ற ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அது 1917இல் மினசோட்டா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.

வயல்கள் பெண்களுக்குரியவை. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டி, மான்கொம்பு வாரி, கூர்மரக் கோல் ஆகியவைதான் கருவிகள். புல்வெளி மண்ணை எலும்புக் கருவியால் பிளக்க முடியாது என்பதால் ஆற்றோரத்து மென்மையான வண்டல் நிலத்திலேயே பயிரிட்டார்கள்.

நமக்கு ஆடிப்பட்டம் போல அவர்களுக்கும் பட்டம் உண்டு. ஆனால் அதைச் சொல்வது மாதம் அல்ல, செடி. ஆற்றுப் பனி உடைந்ததும், ஏப்ரலில், முதலில் சூரியகாந்தி. காட்டுக் கூஸ்பெரிப் புதர் ஏறக்குறைய முழுதாக இலை விட்டதும், மே மாதத்தில், சோளம். மண் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதை நாட்காட்டியைவிடப் புதர் நன்றாக அறியும் என்பது இதன் பொருள்.

கதிர் பால்பிடிக்கும் காலத்தில் வயல் நடுவே மேடை கட்டி, இளம்பெண்கள் அதில் அமர்ந்து காகங்களையும் திருட்டுப் பையன்களையும் விரட்டினார்கள்; பாட்டுப் பாடினார்கள். வழியில் போகும் இளைஞர்களைக் கேலி செய்யும் பாடல்களும் அவற்றில் உண்டு. தினைப்புனத்துப் பரணையும், கவணும் தட்டையும் கொண்டு கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்களையும் அறிந்த நமக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. இரு மக்களுக்கும் இடையே தொடர்பு எதுவும் கிடையாது. முற்றும் தறுவாயிலுள்ள தானியம் எங்கும் ஒரே விதமான காவலைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

விதைக்கான விதிகள்

பஃபலோ பேர்ட் வுமன் சொன்னவற்றில் விதை பற்றிய பகுதி இன்றைய விதையியல் பாடநூலோடு ஒத்துப்போகிறது.

முதலாவது, தேர்வு. நன்கு பருத்த, குறையற்ற கதிர்களையே விதைக்கு எடுப்பார். அவற்றிலும் நடுப்பகுதி மணிகள் மட்டுமே. நுனியிலும் அடியிலும் உள்ளவற்றை ஒதுக்கிவிடுவார்.

இரண்டாவது, தூய்மை. அவர்கள் ஊரில் கடினமான வெள்ளை, மென்மையான வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என ஒன்பது சோள வகைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சமையலுக்கானது. அடுத்தடுத்து நட்டால் கலந்துவிடும் என்பதை, சோளம் பயணம் செய்யும் என்ற சொல்லால் அவர்கள் குறித்தார்கள். காற்றில் மகரந்தம் போவதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

மூன்றாவது, உலர்த்தல். கதிர்களின் தோகையைப் பின்னி, சரம் சரமாக மேடையில் காயவிட்டார்கள். ஈரமுள்ள விதை உறைந்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிர்க்கருவைக் கொன்றுவிடும். காய்ந்த விதைக்கு அதே குளிர் பாதுகாப்பு.

நான்காவது, சேமிப்பு. தரையில் வாய் குறுகி வயிறு அகன்ற குழி தோண்டி, புல்லால் உட்சுவர் அமைத்து, ஓரத்தில் கதிர்ச் சரங்களையும் நடுவில் உதிர்த்த மணியையும் உலர்ந்த பூசணித் துண்டுகளையும் வைத்து மூடினார்கள். நம்மூர்க் குதிரைத் தரைக்குள் இறக்கியது போன்ற ஏற்பாடு. ஏணி வைத்து இறங்கும் அளவுக்கு ஆழம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சோள விதை இரண்டு ஆண்டு நன்றாக முளைக்கும். மூன்றாம் ஆண்டு தளரும். நான்காம் ஆண்டு செத்துவிடும் என்று அவர் கணித்திருந்தார். ஆகவே நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் இரண்டு ஆண்டுக்கான விதையை எடுத்து வைப்பது அவர் குடும்பத்து வழக்கம். அடுத்த ஆண்டு உறைபனி பயிரை அழித்தாலும், மெலிந்த கதிரிலிருந்து விதை எடுக்க வேண்டிய கட்டாயம் வராது. கணினித் துறையில் ஒரே பிரதியை நம்பி யாரும் தூங்கப் போவதில்லை. அவர்களும் அப்படித்தான்.

நீருக்கடியில் போன வயல்கள்

இந்த வயல்களுக்கு நேர்ந்தது துயரமானது. வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் என்று மிசௌரியின் குறுக்கே காரிசன் அணை கட்டப்பட்டது. 1948 மே மாதம் வாஷிங்டனில் நில ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பழங்குடி மன்றத் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடி அழும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. 1953இல் அணை மூடப்பட்டு நீர் ஏறியது. பழங்குடியினரின் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் போயிற்று. அவர்களது நல்ல வண்டல் வயல்களில் பெரும்பகுதி அதில் அடங்கும். மக்கள் காற்று வீசும் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தார்கள்.

விதைகள் முழுதும் அழியவில்லை என்றால், அவை ஏற்கெனவே பல கைகளுக்குப் போயிருந்ததே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிஸ்மார்க் நகர விதை வணிகர் ஆஸ்கர் வில், சன் ஆஃப் எ ஸ்டார் என்ற ஹிடாட்சாவிடமிருந்து ஒரு பை வெள்ளைப் பீன்ஸ் பெற்றார். அதைப் பெருக்கி கிரேட் நார்தர்ன் என்ற பெயரில் விற்றார். இன்று அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் கிடைக்கும் அதே பீன்ஸ்தான். நெப்ராஸ்காவில் பெருமளவில் விளைகிறது. டப்பாவில் ஹிடாட்சா பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயரோடு நிலைத்தவையும் உண்டு. 1975இல் தொடங்கப்பட்டு, அயோவா மாநிலத்து டெக்கோராவிலிருந்து இயங்கும் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் பட்டியலில் ஹிடாட்சா ஷீல்டு ஃபிகர் என்ற பீன்ஸ் இடம்பெற்றிருக்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் திறக்கப்பட்ட விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைக் காக்கிறது. அவசியமான பணிதான். ஆனால் உறைந்திருக்கும் விதை எதையும் கற்பதில்லை. வானிலை மாற மாற, அதோடு சேர்ந்து மாறுவது வயலில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் விதை மட்டுமே.

நம் தோட்டத்தில்

டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ மினியாபொலிஸிலோ கொல்லையில் நாலு செடி வைக்கும் தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது?

ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை கொடி கொடியாகப் படர்ந்து, செப்டம்பரில் பூத்து, காய் முற்றுமுன் பனியில் கருகுவதைப் பலர் கண்டிருப்பார்கள். மண்ணில் குறையில்லை. அதுவும் அந்த மெக்சிகோச் சோளம் போலப் பகல் குறுகக் காத்திருக்கும் பயிர். இன்னும் முந்திப் பூக்கும் ரகத்தைத் தேடி, அதிலும் முதலில் முற்றிய காயை விதைக்கு விடுவதே வழி.

கொத்தமல்லிக்குக் கணக்கு தலைகீழ். நீண்ட பகலில் அது சீக்கிரமே பூத்துவிடும். இலை வேண்டுமென்றால், கடைசியாகப் பூக்கும் செடிகளை விதைக்கு விட வேண்டும். முதலில் பூத்தவற்றின் விதையை எடுத்தால், ஆண்டுக்காண்டு இலை குறைந்த கொத்தமல்லியை நாமே உருவாக்கிவிடுவோம். எந்தச் செடியிலிருந்து எடுக்கிறோம் என்பதே விதை சேமிப்பின் பாதி.

தொடங்குபவர்களுக்குத் தன் மகரந்தத்தால் காய்க்கும் பீன்ஸ், பட்டாணி, தக்காளி, லெட்டூஸ் எளிது. தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். பூசணியும் சோளமும் எளிதில் கலக்கும். சோளத்துக்கு நூறு செடிக்குக் குறையாமல் இருந்தால்தான் வம்சம் மெலியாது. கேரட், பீட்ரூட் இரண்டாம் ஆண்டுதான் விதை தரும். கிழங்கை மணலில் புதைத்து உறையாத நிலவறையில் குளிர்காலம் கடத்தி, வசந்தத்தில் மீண்டும் நட வேண்டும். கடையில் எஃப்1 என்று குறித்த கலப்பின விதையிலிருந்து எடுத்தால் தாயைப் போலவே பிள்ளை வராது.

சேமிப்புக்கு ஒரு சூத்திரம் உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில், பெயரும் ஆண்டும் எழுதிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் போதும். ஊரில் பாட்டிமார் சாம்பலில் புரட்டி வைத்ததும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கத்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. நல்ல ஆண்டில் இரண்டு ஆண்டுக்கான விதை எடுத்து, அதில் ஒரு பங்கை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவையுங்கள். உறைபனி நம் தோட்டத்தைத் தேடி வரும் ஆண்டில் விதை கேட்டுப் போக ஒரு வாசல் இருக்கும்.