பகுதியும் முறியும்

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் பூசணிக்காயில் ‘பகுதி’ போதும் என்று கேட்டால், சரிபாதியாக வெட்டித் தருவார்கள். மலையாளத்தில் பகுதி என்றால் அரை. தமிழில் அது அளவு சொல்லாத ஒரு பங்கு. இரண்டுக்கும் வேர் ‘பகு’தான், பங்கும் பகிர்வும் அதன் கிளைகள். பகுதி என்பதே சுருங்கிப் ‘பாதி’ ஆனது என்பார்கள். அப்படியானால் மலையாளி முழுச் சொல்லை வைத்துக்கொண்டு சுருங்கிய சொல்லின் பொருளைக் கொண்டிருக்கிறார்!

திருவிதாங்கூர்க் கச்சேரியில் பகுதிக்கு மூன்றாவது பொருளும் இருந்தது: வருவாய்க் கிராமம். அதை நிர்வகித்தவர் பார்வத்தியகாரர். பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் நிலம் இருக்கும் இடம் இறங்குவரிசையில் வரும்: தாலுகா, பகுதி, முறி, அதன்பின் சர்வே எண். நூலை அதிகாரம், இயல், நூற்பா என்று வகுத்த தொல்காப்பிய முறைக்கு இது தூரமில்லை. எங்கே தேடுவது, எது எதற்குள் அடங்கும் என்ற இரண்டையும் அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

கோட்டைக்குள் இருக்கும் பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஓலைகளுக்கு இந்த வசதி இல்லை. ஆய்வாளர்கள் அவற்றைச் சுருணை எண், ஓலை எண் என்றே குறிக்கிறார்கள். சுருணை என்பது ஓலைக் கட்டு. ஓலை எந்தக் கட்டில் கிடக்கிறது என்று தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கட்டியவனுக்கு வசதி, தேடுகிறவனுக்குத் தலைவலி.

முறியின் கதை இன்னும் சுவையானது. முறித்த துண்டு எதுவும் முறிதான். திருவனந்தபுரத்தில் அது வீட்டின் அறை. பத்திரத்தில் பகுதிக்குள் அடங்கும் சிறு நிலப்பிரிவு. பழந்தமிழில் ஓலை நறுக்குக்கும், அதில் எழுதிய ஆவணத்துக்கும் அதுவே பெயர். அந்தப் பொருளைக் கைவிடாதவர்கள் இலங்கைத் தமிழர்கள்: அரசு கடன் வாங்கத் தரும் பத்திரத்தை இன்றும் திறைசேரி முறி, பிணைமுறி என்கிறார்கள். இங்கே தாளுக்குள் எழுதப்படும் நிலத்துக்குப் பெயரானது, கொழும்பில் தாளுக்கே பெயர்.

1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பழைய பத்திரங்களும் கூடவே வந்தன. ‘பாகோடு பகுதி’ என்று அவற்றில் கண்டால் மதுரைக்காரர் பாகோட்டின் ஒரு துண்டு என்றே படிப்பார். எழுதியவருக்கு அது முழுக் கிராமம்.