பெயர் யாருடையது?
சலவைப் பொருளும் புகாரும்: ஒரு வரலாற்று வாசிப்பு

1

2024 செப்டம்பர் 9ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தில் சுங்குவார்சத்திரம் பக்கமுள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங்மெஷின் செய்கிற ஆலை அது. 37 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில் சம்பளக் கோரிக்கை இருந்தது, வேலைநேரம் பற்றிய கோரிக்கை இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது சங்கத்தை அங்கீகரிக்கும் பிரச்சினை. சங்கத்தின் பெயர் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம். அதைப் பதிவு செய்வதற்கு நிர்வாகம் எழுப்பிய ஆட்சேபணைகளில் ஒன்று விசித்திரமானது. 'சாம்சங்' என்பது எங்கள் வணிகப் பெயர், அதைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது.

இந்த ஆட்சேபணையைச் சட்ட நுணுக்கம் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விட முடியாது. அதே பெயரைச் சொல்லி, 'சாம்சங் வாஷிங்மெஷின் சரியில்லை' என்று வாங்கினவர் போனைப் போட்டால் யாரும் வணிகப் பெயர் பற்றிப் பேசமாட்டார்கள். உடனே ஒரு புகார் எண் கொடுப்பார்கள். 2016 நவம்பரில் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி சுமார் 28 லட்சம் வாஷிங்மெஷின்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. (அவை இந்த ஆலையில் ஆனவை என்று சொல்லவரவில்லை.) சுழலும்போது அதிகமாக அதிர்கிறது, மூடி கழன்று பறக்கிறது என்று வந்த 733 புகார்கள், ஒருவருக்குத் தாடை உடைந்தது உட்பட 9 காயங்கள்: இவ்வளவுதான் கணக்கு. 733 பேர் பேசினால் 28 லட்சம் எந்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஆயிரம் பேர் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தால் அது புகாராகப் பதிவாவதில்லை. 'சட்டம் ஒழுங்கு' என்று இன்னொரு சொல்லாடலுக்குள் போய்விடுகிறது. பந்தல் பிரிக்கப்படுகிறது, கைது நடக்கிறது.

ஆக, ஒரே பெயர் ஒருவர் வாயில் புகாராகிறது, இன்னொருவர் வாயில் அத்துமீறலாகிறது. இது எப்படி வந்தது? சுத்தம் செய்யும் பொருள்களை விற்கிற கம்பெனிகளின் வரலாற்றில்தான் இதற்கு விடை தேட வேண்டும் என்று தோன்றுகிறது. பொருளின் மேல் பெயரைப் போட்டு, அந்தப் பெயருக்குக் கீழே வாங்குகிறவரின் குறையை அழைத்து உட்கார வைத்த தொழில்களில் சோப்பு முந்தியது.

2

பெயர் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? நம் ஊரில் துவைப்பது ஒரு பொருளின் வேலையாக இருக்கவில்லை, ஒரு சாதியின் வேலையாக இருந்தது. உவர்மண், வெள்ளாவி, துறைக் கல், வண்ணார் உடம்பு: இவ்வளவும் சேர்ந்ததுதான் அன்றைய 'சலவைப் பொருள்'. கூலி பெரும்பாலும் தானியமாக, சோறாக வந்தது. அதிலும் தலித்துகளுக்குத் துவைத்த புதிரை வண்ணார் அந்த அடுக்கின் அடியில் வைக்கப்பட்டிருந்தார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியம் என்ற பாத்திரத்தின் வழியாக அந்த அடுக்குக்குள் நம்மை அழைத்துப்போனது.

இந்த ஏற்பாட்டில் புகார் என்பது மேலிருந்து கீழாக மட்டுமே போகும். கறை போகலை, வேட்டி கிழிந்துபோச்சு, நாள் தள்ளிப்போச்சு என்று ஊர் சொல்லும். வண்ணார் கேட்டுக்கொள்ள வேண்டும். கை வெந்துபோச்சு, கூலி வரலை என்பது எதிர்த்திசையில் போனால் அதற்குப் பெயர் புகார் அல்ல, திமிர். இந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் சோப்பு வந்தது, தூள் வந்தது, எந்திரம் வந்தது. திசை மாறியதா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் அப்போதெல்லாம் சோப்பு நீளப் பாளமாக மளிகைக்கடைக்கு வரும். கடைக்காரர் அறுத்து எடைபோட்டுக் கொடுப்பார். யார் செய்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. குறை சொன்னால் கடைக்காரரிடம்தான் சொல்ல வேண்டும். வில்லியம் லீவர் 1880களின் நடுவில் சோப்பைச் சிறு கட்டிகளாக்கி, பெயர் பொறித்து, தாளில் சுற்றினார். 'சன்லைட்' பிறந்தது அப்படித்தான். கலப்படம் என்று நிரூபித்தால் ஆயிரம் பவுண்ட் என்கிற உத்தரவாதமும் கூடவே வந்தது. இதன் உள்ளர்த்தம் முக்கியமானது. புகார் சொல்லுங்கள் என்று கம்பெனியே கூப்பிடுகிறது. புகாருக்கான இடம் பொருளுக்கு வெளியே இல்லை, உறையிலேயே அச்சாகியிருக்கிறது. புகார் அங்கேயே விளம்பரமும் ஆகிவிடுகிறது.

1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கிய சன்லைட் கட்டிகளில் 'இங்கிலாந்தில் லீவர் சகோதரர்களால் செய்யப்பட்டது' என்று பொறித்திருந்தது. இந்தியக் கிளையின் வரலாற்றை அந்தக் கம்பெனி இந்த வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. 'செய்யப்பட்டது' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள்? 1911இல் லீவர் பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவில் பனையெண்ணெய்க்காகப் பெரும் நிலப்பரப்பில் உரிமை பெற்றார். அங்கே கட்டாய உழைப்பு நடந்தது. கலப்படத்தை நிரூபித்தவருக்கு ஆயிரம் பவுண்ட் உண்டு. பனங்குலை இறக்கிய காங்கோக்காரர் குறை சொல்ல உறையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. உறை யாரைப் பேச வைக்கிறதோ அவரைப் பேச வைப்பதன் மூலமாகவே மற்றவரை மௌனமாக்குகிறது.

3

இந்தியாவில் 1956இல் இந்துஸ்தான் லீவர் உருவாயிற்று. 1959இல் 'சர்ஃப்' தூள் வந்தது. மேல்தட்டு நகரத்து வீடுகளுக்கான பொருள் அது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் தூள் கலந்து, சைக்கிளில் வைத்து விற்கத் தொடங்கினார். அதுதான் 'நிர்மா'. சர்ஃப் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. கட்டிச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகள் தூளுக்கு மாறின. பெரிய கம்பெனி ஒரு வாளிக்காரரிடம் தோற்ற கதையாக இதை வணிகப் பள்ளிகளில் இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

தோற்ற கம்பெனி இரண்டு விதமாகப் பதில் சொல்லிற்று. ஒன்று, 1980களின் லலிதாஜி. காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற, மலிவுக்கும் நல்ல சரக்குக்கும் வித்தியாசம் தெரிந்த இல்லத்தரசி. இதற்கு முன்பு விளம்பரப் பெண் சிரிப்பாள், துணியைக் கொடியில் போடுவாள். லலிதாஜி வாதம் செய்தாள். குறை கண்டுபிடிக்கிறவளையே கம்பெனி தன் பிரதிநிதியாக்கிக்கொண்டது. இரண்டாவது, 1980களின் கடைசியில் வந்த 'வீல்'. நிர்மாவில் சோடா அதிகம், கை எரிகிறது என்று பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீல் விளம்பரம் அந்த எரிச்சலையே எடுத்து முன்னால் வைத்தது. குழாயடியில் சொன்ன பேச்சு தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது.

இதை நல்லது, கெட்டது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. கை எரிகிறது என்பது பொதுவெளியில் சொல்லப்பட்டது ஒரு மாற்றம்தான். ஆனால் எரிகிற கைக்கு வைத்தியம் இன்னொரு பாக்கெட் என்று முடிகிறபோது, ஏன் அவள் கை மட்டும் எரிகிறது, வீட்டில் மற்றவர் கை ஏன் நனைவதே இல்லை என்ற கேள்வி காணாமல் போகிறது. புகார் கேட்கப்படுகிறது. கேட்கப்படுவதற்குள் அது சந்தையின் மொழிக்கு மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது.

இந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைப் பார்க்கலாம். 'டைட் நேச்சுரல்ஸ்' விளம்பரம் எலுமிச்சையும் சந்தனமும் அந்தத் தூளில் இருப்பதுபோல மக்களை ஏமாற்றுகிறது என்பது குற்றச்சாட்டு. வழக்குப் போட்டது துவைக்கிற எவரும் அல்லர், போட்டிக் கம்பெனியான இந்துஸ்தான் யூனிலீவர். கலவை எப்படி என்பதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் அதே இந்துஸ்தான் யூனிலீவர் 'ரின்' விளம்பரத்தில் டைட் பெயரைச் சொல்லி மட்டம் தட்டியதற்குக் கல்கத்தா உயர்நீதிமன்றம் தடை போட்டது. நுகர்வோரின் புகார், நுகர்வோர் இல்லாமலேயே இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் வழக்காடப்பட்டது!

4

சட்டம் என்ன செய்தது? 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் காலத்தின் முக்கியமான சட்டங்களில் ஒன்று. அதைக் கேலி செய்வது எளிது, ஆனால் தவறு. மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று அடுக்கில் மன்றங்களை உண்டாக்கிற்று. வக்கீல் இல்லாமலேயே போய் நிற்கலாம் என்றாயிற்று. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருஷச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றது, பொருளால் விளைந்த கேட்டுக்குச் செய்தவரைப் பொறுப்பாக்கியது.

இந்த இரண்டு சட்டத்திலும் பலர் கவனிக்காத ஒரு வாசகம் உண்டு. நுகர்வோர் என்பவர் காசு கொடுத்து வாங்கினவர் மட்டும் அல்லர், வாங்கினவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அப்படியானால் வீட்டுவேலை செய்கிற பெண், எஜமானி வாங்கிவைத்த திரவத்தால் கழிப்பறை தேய்த்துக் கை புண்ணானால், சட்டப்படி அவரும் நுகர்வோர் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் பில் அவர் கையில் இல்லை. பாட்டில் இருப்பது எஜமானி வீட்டு அலமாரியில். கம்பெனிக்குப் போன் போட்டால் எங்கே வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

என் அம்மா ஒரு சோப்புக் கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) ஒருதடவை கடிதம் போட்டார். கட்டி சீக்கிரம் கரைகிறது என்று. மன்னிப்புக் கடிதமும் இரண்டு கட்டிகளும் தபாலில் வந்தன. வீட்டில் அதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவின் விரலிடுக்குகளில் புண் இருந்தது. அதைப் பற்றி யாரும் யாருக்கும் எழுதவில்லை. எழுதத் தெரிந்த நான் உட்பட.

5

அதே இந்துஸ்தான் லீவரின் கையிலிருந்த இன்னொரு ஆலையின் கதை கொடைக்கானலில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து 1980களின் தொடக்கத்தில் அங்கே இடம்பெயர்ந்த வெப்பமானி ஆலை அது. சலவைப் பொருள் ஆலை அல்ல. ஆனால் சுத்தத்தை விற்ற கம்பெனி புகாரை எப்படிக் கேட்கும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான சாட்சி வேறில்லை. 2001 மார்ச்சில் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்துகிடந்ததை ஊர்க்காரர்களும் சூழலியல்வாதிகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவில் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடம்பு கெட்டுப்போச்சு என்று தொழிலாளர்கள் சொன்னதற்குப் பதில் கிடைக்க 2016 மார்ச் ஆயிற்று. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு. அப்போதும் ஆலையால்தான் நோய் என்பதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, மனிதாபிமான அடிப்படை என்றது. ஆலை மண்ணை எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற தகராறு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஐரோப்பாவில் செல்லுமா என்று போராடியவர்கள் கேட்டார்கள். கறை நல்லது என்று விளம்பரம் செய்த கம்பெனி கறைக்கு அளவுகோல் தேடிக்கொண்டிருந்தது.

கட்டி கரைகிறது என்றால் இரண்டு வாரத்தில் பதில். உடம்பு கரைகிறது என்றால் பதினைந்து வருஷம்.

6

வாங்குகிறவரின் புகாரும் செய்கிறவரின் புகாரும் எப்போதும் இப்படிப் பிரிந்தே இருந்தனவா? 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர்ப் பக்கம் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். பி.பி. வாடியா பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தேடிப் போய் அழைத்து வந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வணிகர்கள். கடைக்குச் சாமான் வாங்க வந்த ஆலைத் தொழிலாளிகளின் குறை அவர்கள் காதில் விழுந்தது. வாங்குகிறவரும் செய்கிறவரும் அந்தக் கடையில் ஒரே ஆளாக நின்றார். அரிசி விலையும் ஆலையில் சாப்பாட்டு நேரம் போதாததும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. பின்னால் பின்னி நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது, சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அதிர்ச்சி 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணம். சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் பதிவு கேட்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. தாங்கள் செய்கிற எந்திரத்தின் மேல் இருக்கும் பெயரைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் மேலும் போட்டுக்கொண்டார்கள். சின்ன வெற்றி என்று சிலர் சொல்லக்கூடும். 1888இன் கட்டியிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது. பெயர் என்பது பதில் சொல்லவேண்டியவரின் முகவரி. அந்த முகவரிக்கு எழுத வாங்கினவருக்கு இருக்கிற உரிமையைச் செய்தவரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மிச்சமிருப்பது நம் பக்கத்து வேலை. நுகர்வோர் இயக்கங்கள் ஒரு கூடத்திலும் தொழிற்சங்கங்கள் இன்னொரு கூடத்திலும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுகிற ஆள் போகிற வழியில் சோப்புத்தூள் பாக்கெட் வாங்குகிறார். அவர் வீட்டில் அதைக் கரைத்துத் துவைப்பது யார், அந்தக் கை எப்படி இருக்கிறது என்று சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுதும்போது யாராவது கேட்க வேண்டும். வீட்டுவேலை செய்கிற பெண்ணின் புண்ணுக்குப் பில் எங்கே என்று கேட்கிற மன்றத்தில், சட்டத்தின் அந்த ஒரு வாசகத்தைக் காட்டி வாதாட யாராவது முன்வர வேண்டும்.