தொலைவில் இயங்கும் எஞ்சினும் சென்னை மேற்குப் புறநகரின் சதுரங்கப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சதுரங்க நிலையொன்றை ஆராய்ந்து சிறந்த நகர்வைக் கணித்துரைக்கும் நிரலை ஆட்டக்காரர்கள் ‘எஞ்சின்’ என்று வழங்குகின்றனர். இந்த எஞ்சின் ஆட்டக்காரரின் மேசைமீதுதான் இயங்க வேண்டும் என்பதில்லை. வேறொரு நகரத்திலுள்ள கணிப்பொறியில் அது இயங்க, விடை மட்டும் வலையமைப்பின் வழியே வந்து சேரலாம். இம்முறை, பெருங்கணிப்பொறி வாங்க இயலாதோருக்கும் கணிப்பாற்றலை எட்டச் செய்தது. அவ்வாறு ஆற்றல் பொதுவானபின் ஓர் ஆட்டக்காரரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துவது எது? சென்னையின் மேற்குப் புறநகரில் உருவான ஆட்டக்காரர்களின் பயிற்சியை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

தந்தியும் தொலைபேசியும்

தொலைவிலிருந்து ஆடுதல் கணிப்பொறிச் சதுரங்கத்தின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. 1966ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிரலுக்கும் மாஸ்கோ ஆய்வு நிறுவனமொன்றின் நிரலுக்கும் இடையே போட்டி தொடங்கியது. நகர்வுகள் தந்தி வழியே பரிமாறப்பட்டன. நான்கு ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் மாஸ்கோ நிரல் 3–1 என வென்றது. 1970இல் நியூயார்க்கில் நடந்த கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியிலும் பெரும்பாலான நிரல்கள் தத்தம் ஊர்களிலிருந்த கணிப்பொறிகளிலேயே இயங்கின. அரங்கத்துக்கும் அவற்றுக்கும் பாலமாக இருந்தது தொலைபேசி இணைப்பே. கணிப்பொறியை இடம்பெயர்க்க இயலாமையே இதற்குக் காரணம்.

தனியாள் கணிப்பொறிகள் பரவியபோது எஞ்சின் வீட்டு மேசைக்கு வந்தது. 1991இல் வெளிவந்த ஃபிரிட்ஸ் போன்ற நிரல்கள் ஆட்டக்காரரின் அன்றாடக் கருவியாயின. மீண்டும் அதைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல வழிவகுத்தது, 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான யூசிஐ என்னும் தொடர்பு நெறிமுறை. இதன்படி எஞ்சினுக்கும் திரையில் பலகையைக் காட்டும் நிரலுக்கும் இடையே செல்பவை சில வரி எழுத்துகளே. நிலை இது, தேடுக என்பது ஆணை. சிறந்த நகர்வு இது என்பது விடை. இத்துணைச் சிறிய செய்தியை எந்த இணைய இணைப்பும் எளிதில் சுமக்கும். விடை நொடியின் ஒரு பகுதி தாமதித்தாலும் ஆய்வுக்கு இழப்பில்லை. எனவே எஞ்சின் இருக்குமிடம் ஒரு பொருட்டாகாமல் போயிற்று.

ஆயினும் செயலிகளை இரட்டித்தால் ஆட்டத்திறன் இரட்டிப்பதில்லை. மரபான எஞ்சின்கள் பின்பற்றும் ஆல்ஃபா–பீட்டா முறை, ஒரு கிளையில் கண்ட முடிவைக் கொண்டு அடுத்த கிளையை ஆராயாமலே விலக்குவதாகும். பணியைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போது, விலக்கியிருக்க வேண்டிய கிளைகளையும் சில செயலிகள் வீணே தேட நேர்கிறது.

சோஃபியா, 2010

இவ்வரம்பு வெளிப்பட்ட களமாக 2010இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் விசுவநாதன் ஆனந்துக்கும் வெசெலின் தொபலோவுக்கும் இடையே நடந்த உலகப் பட்டப் போட்டியைக் குறிப்பிடலாம். தொபலோவின் தயாரிப்பில் ரிப்கா எஞ்சினும், புளூ ஜீன் வகை மீக்கணிப்பொறியும் பயன்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. ஆனந்தோ தம் துணைவர் நால்வரோடு, காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோரின் உதவியையும் பெற்றார். கடைசியான 12ஆம் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்த், லாஸ்கரின் பெயர் தாங்கிய பழைய தற்காப்பைத் தேர்ந்தார். தொபலோவ் தம் அரசனைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து தவறிழைக்கவே, 6.5–5.5 என்னும் கணக்கில் பட்டம் சென்னைக்காரரிடமே நின்றது. அத்தவறு நேர்ந்த நிலை பலகையில் தோன்றியபோது எந்த எஞ்சினும் தொபலோவுக்கு அருகில் இல்லை.

மேற்குப் புறநகரின் வழி

அம்பத்தூரையொட்டிய பாடியில் வளர்ந்த ர. பிரக்ஞானந்தா 2018இல் தம் 12ஆம் வயதில் கிராண்ட்மாஸ்டரானார். மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயா மாணவரான தொ. குகேஷ் 2019 சனவரியில் அதே வயதில் அப்பட்டத்தைப் பெற்றார். இவர்கள் வளர்ந்த காலத்தில் ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலிமைமிக்க எஞ்சின்கள் விலையின்றிக் கிடைத்தன. 2018இல் தோன்றிய லீலா போன்ற நரம்பியல் வலை எஞ்சின்கள் வரைகலைச் செயலிகளை வேண்டியபோது, அவற்றையும் மணிக்கணக்கில் வாடகைக்குப் பெற முடிந்தது. 1964இல் தோற்றுவிக்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையைக் கொண்ட இதே வட்டாரத்தில் இன்று பெருந்தரவு மையங்களும் இயங்குகின்றன.

இச்சூழலில் குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா மேற்கொண்ட முடிவு குறிப்பிடத்தக்கது. கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை எஞ்சினின் துணையின்றியே குகேஷ் பயின்றார். எஞ்சின் கிடைக்காமையால் விளைந்த நிலையன்று இது. கிடைப்பதைத் தள்ளிவைத்த தேர்வு. விடையை முதலில் கண்டுவிடும் மாணவர் அதற்குரிய காரணத்தைத் தாமே தேடும் உழைப்பை இழந்துவிடக்கூடும் என்பதைக் கருதினால் இத்தேர்வின் பயன் விளங்கும்.

இத்தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சினைத் தவிர்ப்பவர் தொடக்க ஆட்டங்களில், அதை நாடிப் பயின்ற எதிராளியின் ஆயத்த நகர்வுகளுக்கு இரையாகலாம். உயர்நிலைப் போட்டிகளுக்கு எஞ்சின் தவிர்க்க இயலாதது. குகேஷும் பின்னர் எஞ்சினைக் கைக்கொண்டார். ஆகவே இங்குப் பேசப்படுவது எஞ்சின் மறுப்பன்று, அதனை நாடும் வரிசைமுறையே.

தொலைவிலுள்ள எஞ்சின் அரங்கத்துக்குள் நுழையும்போது அது மோசடியாகிறது. 2006இல் தில்லிப் போட்டியொன்றில் தொப்பிக்குள் புளூடூத் கருவியை மறைத்து நகர்வுகளைப் பெற்ற ஆட்டக்காரருக்கு அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 10 ஆண்டுத் தடை விதித்தது. பயிற்சிக் கூடத்தில் சமத்துவம் தரும் அதே தொலைத்தொடர்பு, போட்டியில் சமத்துவத்தைக் குலைக்கிறது.

முடிவுரை

2024 திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டம் சமநிலையில் முடியும் என்றே எஞ்சின்கள் காட்டின. கறுப்புக் காய்களுடன் ஒரு சிப்பாய் மிகுதியாக வைத்திருந்த குகேஷ் ஆட்டத்தை முடித்துக்கொள்ளாமல் தொடர்ந்து நெருக்கினார். 55ஆம் நகர்வில் திங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். 7.5–6.5 என வென்று 18 வயதில் குகேஷ் உலகப் பட்டம் பெற்றார்.

எஞ்சின் கணிப்பது நிலையின் மதிப்பை. களைத்த எதிராளி அந்நிலையைக் காக்க எவ்வளவு துன்புறுவார் என்பதை அது கணிப்பதில்லை. தந்திக் காலம் முதல் இன்றுவரை கணிப்பொறி எங்கிருந்தாலும், பலகையின் முன் ஆட்டக்காரர் தனித்தே அமர்கிறார். அத்தனிமைக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவதே பயிற்சியின் முதற்கடன் என்பதை மேற்குப் புறநகரின் அனுபவம் உணர்த்துகிறது. எஞ்சின் எளிதில் எட்டும் இக்காலத்தில், அதை மாணவரிடம் எப்போது கொடுப்பது என்பதே பயிற்சியாளர் முன்னுள்ள வினாவாகும்.