பெயர்த்தெழுதியவர்கள்

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகம் பெரும்பாக்கத்தில் 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அவ்வழியே போகும்போதெல்லாம் ஓர் எண்ணம் நமக்கு எழுவதுண்டு. சங்க நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது ஓலையின் உறுதியால் அன்று. பழைய ஓலை மக்குவதற்குள் யாரோ ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். நூல் ஓலையைவிட நீண்டு வாழ்ந்தது அவர்களால்தான். நம் காலத்தில் அதே வேலையைச் சட்டைப்பை அளவேயான இசைப்பெட்டிகளில் செய்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு. இலக்கிய வாசகர்கள் அதிகம் அறியாத வரலாறு அது.

கையடக்க இசைக்கருவி ஒவ்வொன்றின் உள்ளேயும் அதை இயக்கும் மென்பொருள் ஒன்று பதிந்திருக்கும். நிலைப்பொருள் என்று அதனைச் சொல்வார்கள். பொத்தானை அழுத்தினால் எப்பாட்டு ஒலிக்க வேண்டும், திரையில் எவ்வெழுத்து தோன்ற வேண்டும் என்பதெல்லாம் அதன் ஆணை. கருவி வாங்கியவருடையது, ஆணை மட்டும் உற்பத்தியாளருடையது. அவர் அடுத்த மாதிரிக்குப் போய்விட்டால் பழைய பெட்டியின் குறைகள் குறைகளாகவே நின்றுவிடும்.

2001-ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த சில நிரலாளர்கள் இந்நிலையை ஏற்க மறுத்தார்கள். அவர்களிடம் இருந்தது ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸ் என்ற பெட்டி. அதன் தொடக்க மாதிரித் திரையில் வரிக்குப் பதினொரு எழுத்தாக இரண்டே வரிகள் தெரியும். அந்தப் பெட்டி இயங்கத் தொடங்கும்போது, குறித்த பெயரில் ஒரு கோப்பு வட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே தன் நிலைப்பொருளாக ஏற்றிக்கொள்ளும். திருத்தங்களை அனுப்புவதற்காக நிறுவனம் வைத்த வாசல் அது. அதன் வழியே நுழைந்தவர்கள் பழைய நிரலில் ஒட்டுப்போடாமல் முழுவதையும் புதிதாக எழுதினார்கள். ராக்பாக்ஸ் என்று பெயரிட்டு, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். முதல் பதிப்பு 2002-இல் வந்தது.

ஆர்க்கோஸில் எம்பி3 கோப்பை ஒலியாக மாற்றும் வேலையைத் தனிச் சில்லு ஒன்று செய்தது. நிரல் அதற்குத் தரவை ஊட்டினால் போதும். அடுத்துக் கைவைத்த ஐரிவர் பெட்டியில் அந்த வசதி இல்லை. பின்னக் கணக்குக்கெனத் தனி உறுப்பில்லாத சிறு செயலியைக் கொண்டு, முழு எண் கணக்கிலேயே ஒலியை உருவாக்க வேண்டியிருந்தது. அந்த இடர்ப்பாடு நன்மையாக முடிந்தது. மாற்றும் வேலை நிரலின் கைக்கு வந்தபின், உற்பத்தியாளர் நினைத்தும் பாராத ஒலிவடிவங்களையெல்லாம் அதே பெட்டி பாடத் தொடங்கிற்று.

ஐபாடின் கதை இன்னும் வியப்பானது. அதில் லினக்ஸை ஓட்ட முயன்றவர்கள் நான்காம் தலைமுறை மாதிரியில் முட்டி நின்றார்கள். உள்ளிருக்கும் தொடக்க நிரலைப் படித்தாலொழிய மேலே செல்ல வழியில்லை. படித்ததை வெளியே எடுக்கவோ திரையும் வட்டும் வசப்படவில்லை. வசப்பட்டது, சக்கரத்தைச் சுழற்றும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் சிற்றொலிப்பான் ஒன்றே. ஜெர்மானிய மாணவர் ஒருவர் அந்த 64 கிலோபைட் நிரலையும் டிக் ஒலிகளாக மாற்றி ஒலிக்கச் செய்தார். வெளியோசை புகாத பெட்டியில் கருவியை வைத்துப் பல மணி நேரம் ஒலிப்பதிவு செய்து, அதிலிருந்து நிரலை மீட்டார். 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி வெளிவந்தது. இசைப்பெட்டி தன் மறைபொருளைத் தானே பாடிக் காட்டிற்று! அவ்வாண்டு முடிவதற்குள் ராக்பாக்ஸும் ஐபாடில் கால்வைத்தது. 2006-இல் வந்த நானோ முதலாக நிலைப்பொருளை மறையாக்கம் செய்து பூட்டினார்கள். குறிப்புகளைக் காட்டும் பகுதியில் இருந்த ஒரு பிழையின் வழியே சில ஆண்டுகளில் அந்தப் பூட்டும் திறந்தது.

இவற்றால் பயன் என்ன என்று கேட்போர் உளர். ஒன்று சொல்லலாம். பட்டியலையும் கோப்புப் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லும் வசதியை ராக்பாக்ஸ் ஆர்க்கோஸ் காலத்திலேயே தந்தது. பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் தாம் விரும்பிய பாட்டைத் தேடிக் கேட்க முடிந்தது.

தமிழின் பங்கு என்ன? ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடில் ககரமாகவும் அதன்பின் ஓர் ஒகரக் குறியாகவும் சேமிக்கிறோம். திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும், கால் பின்னும் வர வேண்டும். குறிக்கொரு படமாக வரிசையில் அடுக்கும் எளிய நிரலுக்கு இது விளங்காது. நம் பாட்டின் பெயர் கட்டங்களாகவும் இடம் மாறிய கொம்புகளாகவும் தெரிவதை நாம் எத்தனையோ கருவிகளில் கண்டிருக்கிறோம். மூலநிரல் மூடியிருந்தால் புலம்பலாம், திறந்திருந்தால் திருத்தலாம். கேடிஈ மேசைத்தளத்தையும் மொசில்லா உலாவியையும் தமிழில் தந்த தன்னார்வலர்கள் செய்தது அதுவே. பெரும்பாக்கத்திற்கு அண்மையில், சுஜாதாவும் அப்துல் கலாமும் பயின்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சிடாக்கும் இணைந்து, 2005 முதல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் லினக்ஸ் அம்முயற்சியில் விளைந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் ஐபாடை முற்றிலும் கைவிட்டது. ராக்பாக்ஸின் நான்காம் பதிப்போ 2025-இல் வெளிவந்தது. செய்தவர் கைவிட்ட பெட்டிகள் பெயர்த்தெழுதியவர்களால் இன்றும் பாடுகின்றன. நம் வீட்டு இழுப்பறையில் உறங்கும் பழைய பெட்டியை எறிவதற்கு முன் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதில் தமிழ் சரியாகத் தெரியவில்லையென்றால், அந்த ஏட்டை எழுத வேண்டியவர் நம்மில் ஒருவர்தாம்.